உப்பு டப்பாவின் ஆசிரியர்

அன்று காலையும் டிராயர் பாதிதான் வந்தது.

சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் டிராயர் அது. கரண்டியும் ஸ்பூனும் அதில்தான் கிடக்கும். பாதி தூரம் நல்ல பிள்ளையாக வரும். பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல நின்றுவிடும். அவள் கையைச் சாய்த்து உள்ளே விட்டு ஒரு ஸ்பூனை எடுத்தாள்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் உங்களாலதான் ஏறி இறங்குதாம். இந்த ஒரு டிராயர் உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"ஞாயித்துக்கிழமை பாக்கறேன்."

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?"

லிஃப்ட் மெக்கானிக் சிரித்துக்கொண்டு கருவிப் பையைத் தோளில் மாட்டினார். பதினோரு மணிக்கு அவர் ஒரு அலுவலகக் கட்டடத்தில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு மசகு தடவிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் பேசினார்: அவர் மனைவி சமையலறையில் விழுந்துகிடக்கிறாள். கூண்டின் கூரையில் இருப்பவன் அவசரப்பட முடியாது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது நத்தைபோல இறங்கும். அதற்குமேல் வேகம் வைக்கக் கூடாது என்பது விதி, அந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் தரைத்தளம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ஒரு நரம்பு என்றார்கள்.

காரியங்கள் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு அவர் வீட்டில் ஒன்றைத் தேட ஆரம்பித்தார். அவள் கையெழுத்தை.

இருக்க வேண்டிய வீடுதான் அது. பதினொரு வருடம் அவள் செய்த வேலையே எழுதுவது. பெரிய எழுத்தாளர் ஒருவரின் வீட்டில், அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள். அவருக்குக் கை நடுக்கம். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தால்தான் பாதியாவது வாய்க்குப் போகும். அவள் அவரை 'ஐயா' என்பாள். ஐயாவின் கடைசி நான்கு நாவல்களும் அவள் விரல் வழியாகத்தான் இறங்கின. நாளெல்லாம் எழுதியவள் வீட்டுக்கு வந்து எதற்கு எழுதுவாள்? மளிகைச் சீட்டுகூட வாயால்தான் சொல்வாள். முன்பு ஒருமுறை சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். சர்க்கரையும் மிளகும் தேயிலையும் நீராவி பட்டு உரிந்து போய்விட்டன. அடுப்பிலிருந்து தள்ளி மேல்தட்டில் இருந்ததால் ஒன்று மட்டும் தப்பியது. 'உப்பு.' மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும்.

மனிதனுக்கு ஆசை விடுமா? பதினொரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியவளின் ஒரு பக்கத்தையாவது பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நோட்டுகள் இருக்கும் இடமும் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஐயா இறந்த அன்றே அந்த வீட்டை இலக்கிய இல்லங்கள் ஆணையம் எடுத்துக்கொண்டது. அன்று மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல அவளைக் கூட்டிவர இவர் போனபோது, கதவுக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தெருவில் வெறுங்கையோடு நின்றாள். இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்று அவள் கண்ணாடியைக்கூட எடுக்க விடவில்லையாம். வீடு வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு ஒரு சீட்டு எழுதி வெச்சிருந்தேன். அதுவும் உள்ளயே போச்சு" என்றாள் வழியில்.

"என்ன எழுதியிருந்தே?"

"ஒண்ணுமில்ல. வழக்கமானதுதான்."

அவர் அதோடு மறந்துபோனார்.

ஆணையத்தின் அலுவலகத்தில் ஏழு ஜன்னல்கள் இருந்தன. ஏழாவது ஜன்னலில் ஒருவர் இருந்தார்.

"ஒரு நோட்டுல ஒரு பக்கம் பாக்கணும் சார். என் மனைவி எழுதினது."

"ஆணையத்துல மனைவிங்க எழுதினது எதுவும் கிடையாது. ஆசிரியர்கள் எழுதினதுதான் இருக்கு."

"ஆசிரியர் சொன்னார், இவ எழுதினா."

"அப்ப அது ஆசிரியர் எழுதினது" என்றார் குமாஸ்தா பொறுமையாக. "எதுவா இருந்தாலும் ஆவணக் காப்பறையில இருக்கறதைப் பாக்க மனு போடணும். மனு போடணும்னா நீங்க முழுமைப் பயணியா இருக்கணும். ஆறு எழுத்தாளர் இல்லத்துக்கும் பஸ்ல போய், ஆறு முத்திரை வாங்கி, ஆறு சிலிர்ப்புப் படிவம் பூர்த்தி பண்ணியிருக்கணும்."

"என்ன படிவம்?"

"சிலிர்ப்பு. இல்லத்துக்குள்ள போனதும் புல்லரிச்சுதா இல்லையான்னு. சீட்டு ரெண்டு பேருக்குத்தான் கொடுப்போம். இலக்கிய அனுபவத்தைப் பகிர்ந்துக்கணும், அது விதி."

"நான் ஒரு ஆளுதாங்க. என் வீட்ல போயிட்டாங்க."

"திரும்பி வந்ததும் சேர்ந்து வாங்க" என்றார் குமாஸ்தா. ஜன்னலைச் சாத்தினார்.

மெக்கானிக் தன் மைத்துனனைக் கூப்பிட்டார். அவள் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை. சும்மாவே வாய் ஓயாதவன். அக்கா போன பிறகு மௌனம் வந்துவிடுமோ என்று பயந்து இன்னும் அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரு பக்கம் பாக்க ஆறு வீடா? பொண்ணு பாக்கக்கூட நீங்க ஒரு வீடுதான் போனீங்க, மாமா."

"வர்றியா, இல்லையா?"

"வர்றேன். எங்கக்காவைப் பாக்கத்தானே போறோம்."

பேருந்தில் நாற்பது பேர் இருந்தார்கள். விளக்குநர் அம்மாள் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு, இலக்கியம் என்பது ஓர் உணர்வு, ஆகவே யாரும் பொருட்களைத் தொடக் கூடாது என்று அறிவித்தார். எல்லோருக்கும் படிவம் கொடுத்தார். சிலிர்ப்பு ஏற்பட்டதா என்ற கேள்விக்கு இரண்டு கட்டம் இருந்தது: 'ஆம்', 'மிகவும் ஆம்'.

முதல் இல்லத்தின் ஆசிரியர் அந்த வீட்டில் நான்கு மாதம் குடியிருந்தவர். அதைப் பற்றி ஒரு நாவலே எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் மழை வெளியே பெய்வதைவிட உள்ளே அதிகம் பெய்தது, அங்கிருந்து தப்பித்த நாள்தான் தன் பிறந்தநாள் என்று அதில் இருக்கிறது. அவர் போன பிறகு வீட்டுக்காரர் கூரையைச் சரிசெய்துவிட்டாராம். வரலாறு அழிந்துவிடக் கூடாது என்று ஆணையம் கூரைக்குள் ஒரு குழாயை ஓடவிட்டு ஒழுகவைத்திருந்தது. சுவரில் பலகை: 'ஒழுகல் நேரம்: காலை 10 முதல் 12 வரை.'

அப்போது மணி ஒன்பதரை. ஆசிரியரின் கட்டில்மேல் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"இப்பவே ஒழுகுதே" என்றான் மைத்துனன்.

விளக்குநர் அம்மாளின் முகம் சுருங்கியது. "அது நேரம் தவறின ஒழுகல் சார். அதைப் பாத்து யாரும் சிலிர்க்க வேண்டாம். பொறியியல் பிரிவுக்கு எழுதியிருக்கோம்."

மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். குழாய் மூட்டில் வாஷர் தேய்ந்திருந்தது. இரண்டு நிமிட வேலை. கை தானாகவே தோளுக்குப் போனது. கருவிப் பை இல்லை. இருந்திருந்தாலும், ஒழுகலை நிறுத்தினால் வரலாற்றுச் சின்னத்தைச் சேதப்படுத்திய குற்றமாகும் என்று பக்கத்திலேயே இன்னொரு பலகை இருந்தது.

இரண்டாவது இல்லத்தை இடித்துவிட்டு அதேபோல ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பழைய வீட்டில் ஒரே சமயத்தில் மூன்று பேர்தான் நிற்க முடியும். பேருந்திலோ நாற்பது பேர். எனவே புதிதைப் பதினான்கு மடங்கு பெரிதாகக் கட்டியிருந்தார்கள். நாற்காலியில் ஏற ஒரு சிறிய ஏணி சாத்தியிருந்தது.

"ஆசிரியர் வறுமையில வாழ்ந்தார்" என்றார் விளக்குநர் அம்மாள். குரல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது. "எல்லாரும் கண்ணை மூடி இந்த வீட்டை மனசுக்குள்ள சுருக்கிக்குங்க. ஆச்சா? இன்னும் கொஞ்சம் சுருக்குங்க. இப்ப சிலிர்க்கலாம்."

எல்லோரும் 'மிகவும் ஆம்' போட்டார்கள். மெக்கானிக் யோசித்தார். அவர் முழங்கைக்குக் கீழே ஒருமுறை மோட்டார் சூடு பட்டு ரோமமெல்லாம் கருகியதோடு சரி, அப்புறம் முளைக்கவே இல்லை. அவர் கட்டத்தை நிரப்பாமல் கொடுத்தார். அம்மாள் திருப்பிக் கொடுத்தார்.

"சார், சிலிர்ப்பு இல்லாம முத்திரை குத்த எனக்கு அதிகாரம் இல்லை."

"போடுங்க மாமா" என்றான் மைத்துனன். "பொய் சொல்லி வாங்காத முத்திரை உலகத்துல எங்க இருக்கு?"

அவர் 'ஆம்' போட்டார். 'மிகவும்' என்பதற்கு மனம் வரவில்லை.

மூன்றாவது இல்லத்தின் வாசலில் மாலை போட்ட படம் இருந்தது. உள்ளே மேசையைச் சுற்றிக் கயிறு. பேனா, மூடி, மசி உலர்ந்த கறை, எல்லாவற்றுக்கும் எண். கழிவறை தேடிப் பின்கட்டுக்குப் போன மெக்கானிக், அங்கே கட்டிலில் சுருண்டு உட்கார்ந்து முழங்கால்மேல் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்த ஒரு முதியவரைப் பார்த்தார். வாசலில் இருந்த படத்தின் முகம்.

"பயப்படாதீங்க, நான் இன்னும் போகலை" என்றார் முதியவர். "இல்லத்தை முன்கூட்டியே திறந்துட்டாங்க. திறப்பு விழாவுக்குத் தேதி கிடைச்சிடுச்சு, எனக்குத்தான் கிடைக்கலை."

"உங்க மேசையில உக்காரலாமே?"

"பார்வை நேரத்துல முன்பக்கம் வரக் கூடாது. ஒரு தடவை மறந்துபோய் வந்துட்டேன். அந்தம்மா ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க: 'ஐயா, நீங்க இருக்கறது மக்களோட சிலிர்ப்பைக் கெடுக்குது'ன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பேனா இப்ப ரெண்டாம் நம்பர் பொருள். இது என் பேரனோட பென்சில். யாருகிட்டயும் சொல்லாதீங்க, இதுக்கும் நம்பர் போட்டுடுவாங்க."

நான்காவது ஒரு பெண் எழுத்தாளரின் வீடு. அவருக்கு மேசையே இருந்ததில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சமையல் மேடையில் நின்றுகொண்டே முப்பது வருடம் எழுதியவர். ஆனால் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு மேசை இருந்திருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. ஆகவே வேறோர் ஆண் எழுத்தாளரின் உபரி மேசையை வரவழைத்துக் கூடத்தில் போட்டிருந்தார்கள். மேசையைக் கொண்டுவர வழி போதாததால் சமையலறையை இடித்துவிட்டார்கள்.

"அவங்க எங்க நின்னு எழுதினாங்களோ அந்த இடம் எது?" என்று மெக்கானிக் கேட்டார்.

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். பேருந்தை அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள்.

ஐந்தாவது இல்லம் மதிய உணவுக்காக மூடியிருந்தது. கம்பிக் கதவின் வழியாக ஒரு கை வெளியே வந்து நாற்பது முத்திரைகளைக் குத்திவிட்டு உள்ளே போனது. அந்த ஒன்றில்தான் மைத்துனன் மனமொப்பி 'மிகவும் ஆம்' போட்டான்.

ஆறாவது இல்லத்தின் தெரு மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பதினொரு வருடம் மாலை ஆறு மணிக்கு நின்ற வாசல். அவள் வேலை முடியவில்லை என்றால், நுழைந்ததும் இருக்கும் சின்ன மேசையில் அவருக்கு ஒரு சீட்டு இருக்கும். ஐயா பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து வர முடியாது. ஐயாவுக்கு வாக்கியம் அறுந்துவிடும். சீட்டைப் படித்துக் கசக்கி எறிந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார், அல்லது எதிரே நின்று தேநீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்தச் சின்ன மேசை இப்போது கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மேலிருந்து ஒரு விளக்கு. பெட்டிக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு துண்டுக் காகிதம்.

"இது ஆசிரியரின் மூக்குக்கண்ணாடி" என்றார் விளக்குநர் அம்மாள்.

மைத்துனன் குனிந்து பார்த்தான். வாய் மூடிக்கொண்டது. அது மூடி மெக்கானிக் பார்த்ததே இல்லை.

"மாமா" என்றான் நிமிராமலே. "இது நான் அக்காவுக்குப் பண்ணிக் கொடுத்தது. பெண்கள் ஃபிரேம். இடது காது கொஞ்சம் கீழ இருக்கும்னு அந்தப் பக்கக் கம்பியை நானே வளைச்சேன். பாருங்க, வளைஞ்சிருக்கு."

மெக்கானிக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*நான் வர ஏழாகும்.*
*நீங்க போய் விளக்கைப் போடுங்க.*
*அந்த டிராயர் இன்னும் பாதிதான் வருது.*
*உப்பு வாங்கணும்.*

"ஆசிரியரின் இறுதிக் கவிதை" என்றார் அம்மாள். நாற்பது பேரும் மூச்சை இழுத்தார்கள். "நாலே வரி. ஒரு வாழ்க்கை முழுக்க இதுல இருக்கு. 'ஏழாகும்' என்பதற்கு அறிஞர்கள் ஏழு விளக்கம் சொல்லியிருக்காங்க. விளக்கு, அறிவு. டிராயர், மனித மனம். அது முழுசாத் திறக்கறதே இல்லை. உப்பு கண்ணீரா, கடலா, உழைப்பா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கு. அதுக்காக மூணு நாள் கருத்தரங்கு நடந்தது. உப்பைக் கண்ணீர்னு நிறுவினவருக்கு முனைவர் பட்டம் கிடைச்சது."

"உப்புன்னா உப்புதாங்க" என்றான் மைத்துனன்.

"சாதாரண வாசகருக்கு அப்படித் தோணலாம் சார். ஆனா இதுல பெரிய மர்மமே, இந்த 'நீங்க' யாரு? யாரைப் பாத்து ஆசிரியர் விளக்கைப் போடுங்கன்னு சொல்றார்? மனிதகுலத்தைப் பாத்து."

"நான்தாங்க அது" என்றார் மெக்கானிக்.

அம்மாள் கனிவோடு தலையாட்டினார். "ஆமா சார். நீங்களும்தான், நானும்தான். அதுதான் அதோட வெற்றி."

"இல்லீங்க. நான்தான். அந்த டிராயர் எங்க வீட்ல இருக்கு."

பேருந்து கிளம்ப நேரமாகிவிட்டது என்றார் அம்மாள். மெக்கானிக்கின் பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஏதோ ஒன்று இறங்கியது. ரோமமே இல்லாத கையில்கூடப் புள்ளி புள்ளியாக எழும்பியது. அதற்குள் சிலிர்ப்புப் படிவங்களை வாங்கிவிட்டிருந்தார்கள்.

இப்படியாக, ஒரு பக்கத்தைப் பார்க்கப் போனவர் அந்தச் சீட்டைக் கேட்டு மனு போட்டார். தனக்கு எழுதப்பட்டது, தன் கைக்கு வராமல் போனது, தரவேண்டும் என்று எழுதினார். ஆறு முத்திரையும் இருந்ததால் ஆணையத்தால் மறுக்க முடியவில்லை. ஏழு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எழுதியவரின் கையெழுத்துக்கு வேறு சான்று இருந்தால் கொண்டுவரச் சொல்லிக் கடிதத்தில் இருந்தது.

வீட்டில் இருந்த ஒரே சான்றை அவர் மேல்தட்டிலிருந்து இறக்கினார். உரிந்துவிடக் கூடாதே என்று துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்துப் போனார். கொட்டி வைக்க வேறு டப்பா தேடத் தோன்றவில்லை, உப்போடுதான் போனார்.

ஆணையர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"மனம்விட்டே சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "எழுத்தாளர் உயிரோட இருக்கற வரைக்கும் பெரிய தலைவலி. இன்னிக்கு ஒண்ணு சொல்வார், நாளைக்கு மாத்திச் சொல்வார். போனதுக்கு அப்புறம்தான் ஒரு ஒழுங்கு வருது. நாற்காலி நாற்காலியா இருக்கு, பேனா பேனாவா இருக்கு. அசையாம வெச்சிருக்கோம் பாருங்க, அதுதான் நாங்க இலக்கியத்துக்குச் செய்யற தொண்டு. மொத்தம் பதினேழு பிரிவு இருக்கு. தூசிக்கு ஒண்ணு, கயிறு கட்டறதுக்கு ஒண்ணு. படிக்கறதுக்குன்னுகூட ஒண்ணு இருந்தது. படிச்சவங்க சந்தேகம் கேக்க ஆரம்பிச்சாங்க. நிர்வாகக் காரணமா மூடிட்டோம்."

பிறகு டப்பாவை ஒப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் அறிக்கை வந்தது. டப்பாவில் உள்ள எழுத்தும், இறுதிக் கவிதையில் உள்ள எழுத்தும், காப்பறையில் உள்ள பதினொரு நோட்டுப் புத்தகங்களின் எழுத்தும் ஒரே கையால் எழுதப்பட்டவை. ஐயத்துக்கே இடமில்லை.

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "அதைத்தான் சார் சொல்றேன்."

"நாங்களும் அதைத்தான் சொல்றோம்" என்றார் ஆணையர். "நோட்டுப் புத்தகம் ஆசிரியர் எழுதினது. அது அரசாணையிலயே இருக்கு. அப்ப கவிதையும் ஆசிரியர் எழுதினது. அப்ப இந்த டப்பாவும் ஆசிரியர் எழுதினது."

"சார், அவருக்குக் கை நடுங்கும். பேனாவே பிடிக்க முடியாது."

"இதுல நடுக்கம் தெரியுதா?"

"இல்லை."

"அதுதான் மேதைமை."

கூட வந்திருந்த மைத்துனன் எழுந்தான். "டப்பா எங்க அக்கா வீட்டு சமையலறையில இருந்தது சார். அவர் எப்படி வந்து எழுதுவார்?"

"நல்ல கேள்வி" என்றார் ஆணையர். "ஆசிரியர் உங்க வீட்டுக்கு வந்திருக்காரா?"

"ஒரு நாளும் வந்ததில்லை" என்றார் மெக்கானிக்.

"அப்ப அவர் எழுதின பொருள் உங்க வீட்டுக்கு எப்படி வந்தது? அதுக்கு வேற பேர் இருக்கு. உங்க மனைவி அங்க வேலை பாத்தவங்கன்னு வேற சொல்றீங்க. நான் அந்த வார்த்தையைச் சொல்ல விரும்பலை."

தலைக்குமேல் மின்விசிறி டக் டக்கென்று ஒரு பக்கமாக இடித்துக்கொண்டு சுற்றியது. தாங்கியில் தேய்மானம், மெக்கானிக்குத் தெரிந்தது.

"இல்லை, வந்திருக்கார்னு வெச்சுக்குவோம்" ஆணையர் இறங்கி வந்தார். "அப்ப உங்க வீடும் ஒரு இலக்கிய இல்லம். ஆறு-அ. சமையலறையைச் சுத்திக் கயிறு கட்டணும். நீங்க வேற இடம் பாத்துக்கணும். அந்த டிராயர் இருக்குன்னு மனுவுல எழுதியிருந்தீங்களே, அதை வேற அந்த நிலையிலயே நிறுத்திப் பூட்டணும். ரெண்டும் வேண்டாம்னா மூணாவது வழி ஒண்ணு இருக்கு. டப்பாவை ஆணையத்துக்குக் கொடையாத் தர்றதா ஒரு கையெழுத்து. மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டதா இன்னொரு கையெழுத்து. யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"ஆனை வாயில போன கரும்பு, மாமா" என்று மைத்துனன் அவர் காதோரம் சொன்னான். "வீட்டையாவது காப்பாத்திக்குங்க."

"அவ பேரையாவது போடுவீங்களா?" என்று மெக்கானிக் கேட்டார். "எழுதினவர்னு வேண்டாம். பக்கத்துல எங்கயாவது. சின்னதா."

ஆணையர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். ஆசிரியர், பொருள், எண், நிலை என்று நான்கு பத்திகள் இருந்தன. "அதுக்குப் பத்தி இல்லையே" என்றார் வருத்தத்தோடு.

மெக்கானிக் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். எழுந்துகொண்டபோது குமாஸ்தா ஒருவர் ஓடிவந்தார். டப்பாதான் கலைப்பொருள், உள்ளே இருப்பது நுகர்பொருள், நுகர்பொருளை ஆணையம் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. அவ்வளவு நேர்மையான அலுவலகம் அது. காகிதத்தில் பொட்டலம் கட்டி, உப்பை அவர் கையில் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டதற்கு மூன்றாவது கையெழுத்து.

மைத்துனன் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவரோடு நடந்து வந்தான். பிறகு, "அந்தக் கம்பியை இன்னும் கொஞ்சம் வளைச்சிருக்கணும் மாமா" என்றான். "மூக்குல நழுவுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அடுத்த தடவை பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

டப்பா இப்போது ஆறாவது இல்லத்தில், கவிதைக்குப் பக்கத்தில், தனிப் பெட்டியில் இருக்கிறது. 'ஒரு சொல் கவிதை: ஆசிரியரின் அறியப்படாத முதிர்ச்சிக் காலம்' என்று பலகை. இறுதிக் கவிதையின் கடைசி வரிக்கு இதுவே விடை என்று ஒரு சாராரும், இதுதான் கேள்வி என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்களாம். கண்ணீர் என்று பட்டம் வாங்கியவர் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு கடல் பக்கம் சாய்ந்துவிட்டதாகக் கேள்வி.

கொடையாளருக்கு வருடத்துக்கு ஒரு சீட்டு வீடு தேடி வரும். இரண்டு பேருக்கு. ஆறாவது இல்லத்துக்கு நேராகப் போக முடியாது. முதல் ஐந்தையும் முடித்துத்தான் போக வேண்டும். மைத்துனன் முணுமுணுத்துக்கொண்டே கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறான். ஒழுகல் அடியில் நிற்கிறார்கள். பெரிய வீட்டைச் சுருக்குகிறார்கள். மூன்றாவது இல்லத்தில் போன வருடம் பின்கட்டுக் கட்டிலையும் கயிறு கட்டிவிட்டார்கள். அதன்மேல் ஒரு பென்சில் இருந்தது, நாற்பத்தொன்றாம் எண். ஆறாவது இல்லத்தில் ஒருவருக்கு நான்கு நொடி. வரிக்கு ஒரு நொடி போதும் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். டப்பாவைப் பார்த்தால் சீட்டைப் பார்க்க முடியாது. அவர் ஒரு வருடம் அதைப் பார்க்கிறார், ஒரு வருடம் இதை. படிவத்தில் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு வெளியே வருகிறார். அம்மாளே 'மிகவும் ஆம்' போட்டுக்கொள்கிறார்.

அன்று பொட்டலத்தோடு வீடு வந்தவர் நுழைந்ததும் விளக்கைப் போட்டார். சமையலறையில் ஒரு பழைய கண்ணாடி ஜாடியைத் துடைத்து உப்பைக் கொட்டினார். அதற்குப் பெயர் ஒட்டவில்லை, வெளியிலிருந்தே தெரிகிறது. சிந்தியதைக் கூட்டி எடுக்க ஒரு ஸ்பூன் வேண்டியிருந்தது. டிராயருக்கு அடியில் இருக்கும் உருளை தேய்ந்துவிட்டது, நான்கு திருகாணியைக் கழற்றினால் அரைமணி நேர வேலை என்று அவருக்குப் பல வருடமாகத் தெரியும். கருவிப் பை கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்விட்டன.

அவர் கையைச் சாய்த்து உள்ளே விட்டு ஸ்பூனை எடுக்கிறார். டிராயர் பாதிதான் வருகிறது.